மட்டம் நழுவிய ஊர்

போர்ட் பிளேரில், மரைன் ஹில்லின் சரிவில் நின்று பார்த்தால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதுபோல் இருக்கும். எதிரே வடக்கு விரிகுடாவின் பச்சை மேடு. வலப்புறம் ரோஸ் தீவு. இப்போது அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாவில் பழகிய பெயரையே இந்தக் கட்டுரை சொல்லிக்கொண்டு போகும்.

இந்தச் சரிவில்தான் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1980களின் தொடக்கத்தில் ஒரு விடுதியை எழுப்பினார். குன்றை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் சாய்வோடு சாய்வாகத் தளம் தளமாகக் கடலை நோக்கி இறங்கும்படி கட்டினார். மேட்டுக்கு மரியாதை கொடுத்த கட்டிடம் அது. போர்ட் பிளேரில் வெள்ளத்தைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேச வந்தவன் முதலில் ஒரு விடுதியைக் காட்டுவதற்குக் காரணம், இந்த ஊரில் மேடு எது, பள்ளம் எது என்பதுதான் உயிர் பிழைப்பதற்கான முதல் பாடம் என்பதே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் தொடங்கிய பிளவு, சில நிமிடங்களில் நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடிவாரம் முழுவதையும் கிழித்துக்கொண்டு 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 9ஐத் தாண்டிய நிலநடுக்கம். போர்ட் பிளேரில் சுவர்கள் விரிசல் விட்டன, துறைமுக மேடைகள் உடைந்தன, பிறகு கடல் ஏறியது. ஜங்லிகாட்டிலும் அபர்டீன் படகுத்துறைப் பக்கத்திலும் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. மேட்டில் வீடு வைத்திருந்தவர்கள் மேலிருந்து பார்த்தார்கள். பள்ளத்தில் இருந்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். நிக்கோபாரோடு ஒப்பிட்டால் இந்த ஊரில் உயிர்ச்சேதம் குறைவு. அதற்கு எந்தச் சுவரும் காரணமில்லை. ஏறி ஓடக் குன்றுகள் இருந்தன.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்குத் தெரிந்த சுனாமி வந்தது, அடித்தது, திரும்பிப் போனது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் தண்ணீர் வடிந்தபின் நிலம் பழைய இடத்தில் இருந்தது. போர்ட் பிளேரில் அப்படி இல்லை. ஊரின் தெற்கே சிப்பிகாட்டில் வயலில் ஏறிய கடல் வடியவில்லை. மறுநாள் வற்றும், அடுத்த வாரம் வற்றும் என்று பார்த்தால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடல் வயலுக்கு வந்துபோகத் தொடங்கியது. நெல் விளைந்த நிலத்தில் தென்னைகள் கழுத்து காய்ந்து மொட்டை மரங்களாக நின்றன. எதிர்க்கரையில் பாம்பூஃபிளாட்டிலும் ஓக்ராபிராஜிலும் அதே கதை. அலை எப்போதோ போய்விட்டது. இறங்கியிருந்தது நிலம்.

போர்ட் பிளேர் அன்று காலையில் ஏறத்தாழ 1 மீட்டர் கீழே போனது. வட அந்தமானில் திக்லிபூர்ப் பக்கம் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் வெளுத்தன. தெற்கே கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை 4.25 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. தீவுக்கூட்டம் முழுவதும் ஒரு பலகைபோல, ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் தாழ்ந்தது.

1 மீட்டர் என்பது மலைமேல் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை. கடலோரத்தில் அது வேறு கணக்கு. போர்ட் பிளேரில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் பாதியை நிலம் ஒரே காலையில் இழந்துவிட்டது. ஒரு வடிகாலின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் பாதி ஏறினாலும் வாய் மூழ்காத உயரத்தில் அதை வைத்திருந்தால், நாளில் பாதி நேரமாவது மழைநீர் தானாக இறங்கும். அந்த வாய் 1 மீட்டர் கீழே போனால், கடல் நன்றாக வற்றிய சிறு பொழுதில் மட்டும்தான் அது திறந்திருக்கும். மற்ற நேரத்தில் கடல் வடிகாலுக்குள் ஏறி வரும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊர் இது. குன்றிலிருந்து இறங்கும் வெள்ளம் கீழே வந்து, மேலேறி வரும் கடலோடு முட்டிக்கொண்டு நிற்கும். வடிகாலைக் கட்டியவர் கணக்கில் எந்தப் பிழையும் செய்திருக்க வேண்டியதில்லை. அவர் எதிலிருந்து அளந்தாரோ அந்தக் குறியே நகர்ந்துவிட்டது.

கோட்டையில் செதுக்கிய கோடு

சுவர், அணை, கரை, பாலம், ஓடுபாதை என்று எதைக் கட்டுவதானாலும் பொறியாளருக்கு முதலில் ஒரு பூஜ்யம் வேண்டும். எதிலிருந்து உயரம்? கடல் மட்டத்திலிருந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த மட்டத்தை யார் அளந்து எங்கே குறித்துவைத்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. இந்தியாவில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ராணுவப் பொறியாளர்கள்.

சென்னையில் எழும்பூர்ப் பக்கம் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டிய தாமஸ் டி ஹாவிலாண்ட், மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. 1821இல் அவர் சென்னைக் கடலின் ஏற்ற இறக்கங்களை மாதக்கணக்கில் பார்த்துச் சராசரி மட்டம் கண்டு, புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு மட்டக்குறி வைத்தார். அதே காலத்தில் கறுப்பர் நகரம் என்று வெள்ளையர் அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனைக் கடல் அரித்துக்கொண்டு வந்தது. அதைத் தடுக்கக் கடலோரமாக ஒரு பெரிய கல் அரண் எழுப்பியவரும் அவர்தான். மட்டத்தை அளந்தவரும் சுவரைக் கட்டியவரும் ஒரே ஆள். தன் சுவரின் உயரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அவர் தன் கையால் அறிந்திருந்தார். பின்வந்த தலைமுறைகளில் இந்த இரண்டு வேலைகளும் இரண்டு அலுவலகங்களாகப் பிரிந்தன. அதிலிருந்து வந்த கேட்டைப் பிறகு பார்ப்போம்.

அந்த அரண் ஜார்ஜ் டவுனை அப்போதைக்குக் காத்தது. கடலின் பேச்சு அதோடு முடியவில்லை. 1876இல் சென்னைத் துறைமுகத்துக்கான அலைதடுப்புக் கரைகள் தொடங்கின. 1881 நவம்பரில் ஒரு புயல் அவற்றின் பெரும்பகுதியைப் பெயர்த்துப் போட்டது, மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் துறைமுகக் கரையில் முட்டித் தேங்கியது. நாம் சுண்டல் தின்று காற்று வாங்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். மணல் கிடைக்காத வடக்குப் பக்கம் ராயபுரமும் காசிமேடும் அதற்கப்பாலும் கடலுக்கு இரையாயின. கருங்கல் கொட்டுகிறார்கள், தூண்டில் வளைவு போடுகிறார்கள், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. ஓரிடத்தில் காப்பு என்றால் இன்னோரிடத்தில் கேடு என்பதை வடசென்னை மீனவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1870களில் ஆண்ட்ரூ பெயர்ட் என்ற ராயல் இன்ஜினியர்ஸ் அதிகாரி கட்ச் வளைகுடாவில், கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதியும் ஓத அளவைக் கருவிகளை நிறுத்தினார். அங்கே 1819 நிலநடுக்கத்தில் நிலமே ஏறி இறங்கியிருந்தது. கடலுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள மட்டம் காலப்போக்கில் மாறுகிறதா என்று கண்டறிவதுதான் அந்த வேலையின் நோக்கம். இந்தியாவில் கருவி வைத்து முறையாக ஓதம் அளக்கும் பணி இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நிலம் அசையும் என்ற சந்தேகம் முதல் நாளிலேயே அவர்கள் மனதில் இருந்திருக்கிறது.

1880இல் அந்தக் கருவிகளில் ஒன்று போர்ட் பிளேருக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு வேலை வந்துவிட்டது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாருக்கு அடியில் 7.9 அளவில் பூமி அதிர்ந்தது. சென்னைத் துறைமுகத்தைப் புயல் உடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு ஓத அளவைக் கருவிகளின் காகிதச் சுருளிலும் அந்த அலை கோடாக விழுந்தது. உச்சம் 0.8 மீட்டர். ராயல் இன்ஜினியர்ஸ் மேஜர் ரோஜர்ஸ் அந்தக் கோடுகளையெல்லாம் சேர்த்து ஒரு குறிப்பு எழுதினார். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் போர்ட் பிளேர்க் கருவி அதைப் பதிந்தது.

ஆக, இந்தக் கடலில் சுனாமி வரும் என்பது 2004க்கு ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே ராணுவப் பொறியாளர் ஒருவர் கையெழுத்தில் இருந்தது. குறிப்பு கோப்பில் இருந்தது. கரையில் யாருக்கும் தெரியாது.

1858 முதல் 1909 வரை நாடெங்கும் மட்டம் பார்த்து, ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து இந்தியாவின் உயரக் கணக்கை நிறுவினார்கள். அந்த ஒன்பதில் சென்னையும் உண்டு, நாகப்பட்டினமும் உண்டு. அந்தமானுக்கு அந்தக் கணக்கைத் தரைவழியாக எடுத்துச்செல்ல முடியாது. நடுவே 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். தீவுக்குத் தன் கடல்தான் பூஜ்யம். தன் கடலும் தன் நிலமும் ஒன்றுக்கொன்று விலகினால், ஓத அளவைக் கருவிக்கு நிலம் இறங்கியதா கடல் ஏறியதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அது நிற்கும் மேடையும் சேர்ந்தே இறங்கியிருக்கும். 2004இல் நிலம்தான் இறங்கியது என்று உறுதியாகச் சொன்னவை செயற்கைக்கோள் வழி அளந்த புள்ளிகள்.

ஓடுபாதையின் ஓரத்தில்

கார் நிக்கோபார் மட்டமான பவளத் தீவு. இரண்டாம் உலகப் போரில் தீவுகளைப் பிடித்த ஜப்பானிய ராணுவம் அங்கே தீவு மக்களை அடிமைவேலை வாங்கி ஓடுபாதை போட்டது. பிறகு அது இந்திய விமானப் படையின் தளமானது. விமானத்துக்குச் சமதரை வேண்டும். சமதரை கடலோரத்தில் இருந்தது. ஓடுபாதையை ஒட்டிக் குடியிருப்பு வந்தது. ராணுவக் கணக்கில் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மலாக்கா நீரிணையின் வாயைப் பார்த்தபடி நிற்கும் தளம் அது. பகைவன் எந்தத் திசையிலிருந்து வருவான் என்று யோசித்து அமைத்த இடம்.

அன்று காலை அங்கே விமானப் படையினரும் அவர்கள் குடும்பத்தினருமாக நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விடுமுறைக் காலம், ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். சீருடை அணிந்தவர் வீட்டில் இருந்தால் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். அந்த வீடுகளைக் கட்டியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தமான் நிக்கோபார் முழுவதும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 3,500க்கு மேல் என்பது அரசுக் கணக்கு. அதில் பெரும்பகுதி நிக்கோபார் பழங்குடி மக்கள்.

அந்தத் தளத்தில் பிழைத்தவர்கள் எஞ்சிய ஓடுபாதையைத் துடைத்து விமானம் இறங்க வழி செய்தார்கள். அந்த நாட்களில் தீவுகளில் ராணுவம் நடத்திய மீட்புப் பணியைப் பற்றி நான் குறைவாகச் சொன்னால் அது நன்றிகெட்டதனம். முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் இயங்கும் நாட்டின் முதல் கூட்டுக் கட்டளையகம் 2001இல் போர்ட் பிளேரில்தான் அமைந்தது. அது தொடங்கிய மூன்றாம் ஆண்டிலேயே இந்தச் சோதனை. உடைந்த துறைகளில் கப்பலை அணைத்தார்கள், தகரக் கொட்டகை போட்டார்கள், குடிநீர் கொண்டுவந்தார்கள். 1780இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சேப்பர்களை ராணுவத்தில் மற்றவர்கள் ‘தம்பி’ என்று அழைப்பது வழக்கம். பாலம் போடுவதிலும் பாதை திறப்பதிலும் அந்தத் தம்பிகளுக்கு நிகர் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வெள்ளம் வந்தபின் படகோட்டுவது ஒரு திறமை. வெள்ளமே வராது என்று ஊருக்கு உறுதி சொல்லிச் சுவர் கட்டுவது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒரே சீருடை செய்வதால் முதலாவதில் நமக்குள்ள நம்பிக்கை, கேள்வியே இல்லாமல் இரண்டாவதுக்கும் போய்விடுகிறது. சென்னையில் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கண்டோம். பெங்களூரிலிருந்து ராணுவப் பொறியாளர் குழுக்கள் படகுகளோடு வந்தன. விமான நிலையம் மூழ்கி, பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்துக்குப் போயின. மூழ்கிய அந்த விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டது. ஆறு எங்கே போகும் என்ற கேள்வியைப் படகுக்காரரிடம் கேட்க முடியாது.

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது

போர்ட் பிளேரில் நிலம் இறங்கி எட்டு மாதங்களில், உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு பெரிய நகரம் மூழ்கியது. 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல், நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்காவில் நகரங்களுக்குப் பெரிய வெள்ளக் கரைகள் கட்டும் பொறுப்பு பெரும்பாலும் ராணுவத்தின் பொறியாளர் படையிடம்தான். 1965இல் பெட்ஸி புயல் அடித்தபின் அந்த நகருக்குப் புயல் காப்புத் திட்டம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களிடம் ஒப்படைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து கத்ரீனா வந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை.

நகரின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புயல் சுவரைவிடப் பெரிதாக வந்தது என்று முதலில் சொன்னார்கள். 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் தலையைத் தொடுவதற்கு முன்பே சுவர் சரிந்தது என்று பின்னர் தெரிந்தது. கீழே இருந்த மண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. 2006 ஜூனில் பொறியாளர் படையின் தலைவர் லெப்டினென்ட் ஜெனரல் கார்ல் ஸ்ட்ராக் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவர்கள் வெளியிட்ட ஆய்வறிக்கை அந்தக் காப்பு அமைப்பை, பெயரளவில் மட்டுமே அமைப்பு என்று ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய பகுதி வேறு. நியூ ஆர்லியன்ஸும் இறங்கும் நிலம். நம் தீவுபோல ஒரே காலையில் இறங்குவதில்லை. சதுப்பு காய்ந்து, வண்டல் அமுங்கி, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. மட்டக்குறிகளும் நிலத்தோடு சேர்ந்து இறங்கின. இறங்கிய குறிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு அதிலிருந்து சுவரை அளந்தார்கள். விளைவு, சில இடங்களில் சுவர் வரைபடத்தில் இருந்ததைவிட 1 அடி, 2 அடி குறைவாக எழுந்தது. காகிதத்தில் உயரம் சரி. கொத்தனார் வேலையிலும் குறை இல்லை. பூஜ்யம் தவறு. டி ஹாவிலாண்ட் காலத்தில் ஒரே கையில் இருந்த மட்டக்கோலும் கரண்டியும் பிரிந்ததன் விலை அது.

14 பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய அமைப்பைக் கட்டினார்கள். பழைய திட்டத்தின் பெயரில் ‘காப்பு’ என்ற சொல் இருந்தது. புதியதன் பெயரில் அதை எடுத்துவிட்டு, ‘ஆபத்துக் குறைப்பு’ என்று வைத்தார்கள். ஒரு ராணுவ அமைப்பு தன் வேலையின் எல்லையைத் தன் பெயர்ப்பலகையிலேயே எழுதியது அபூர்வம். அதை நான் மதிக்கிறேன். அதே நேரத்தில், வெள்ளக் காப்பு வேலைகளால் வரும் சேதத்துக்கு அரசு பொறுப்பல்ல என்று சொல்லும் 1928ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இருக்கிறது. அதைக் காட்டி, கால்வாய்ச் சுவர்கள் உடைந்ததற்கான வழக்கை 2008இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கட்டியவர் பொறுப்பை ஏற்றார். வீடிழந்தவர் இழப்பீடு கேட்க வழியில்லை.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லையும் அங்கிருந்துதான் நாம் வாங்கினோம். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கியவர் கடனை அடைத்து முடிப்பதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்க்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இதை எந்த வங்கி மேலாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜப்பானுக்கு நம்மைப்போல மறதி கிடையாது. கமாய்ஷியில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைதடுப்பு 2009இல் முடிந்தது. உலகிலேயே ஆழமானது என்று பெயர் வாங்கியது. 2011 மார்ச் 11இல் அலை அதை உடைத்து உள்ளே வந்தது. அது அலையைத் தாமதப்படுத்தியது, ஓட நேரம் கொடுத்தது என்கிறார்கள். அது உண்மையான பயன்தான். அதே நாளில் ஒஷிகா தீபகற்பம் 1.2 மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து சேர்வதற்குள் கரையோரச் சுவர்களே கீழே இறங்கிவிட்டன. 2004இல் கிழிந்த அந்தக் கடலடிப் பிளவை, சுண்டா அகழியை, ஒட்டி வாழும் நமக்கும் இதே இயற்பியல். நிலநடுக்கம் பெரியதாக இருந்தால், சுவரை எழுப்பிய தரையும் சுவரை மீற வரும் அலையும் ஒரே அசைவின் இரண்டு விளைவுகள். 3 மீட்டர்ச் சுவர் என்று கணக்குப் போட்டவருக்கு அந்தக் கணத்தில் 2 மீட்டர்தான் மிஞ்சும்.

தடை என்றால் என்ன

ராணுவப் பொறியாளர் பாடத்தில் பழைய விதி ஒன்று உண்டு. கண்ணிவெடி வயலோ முள்வேலியோ அகழியோ, தானாக எதிரியை நிறுத்தாது. அதன்மேல் ஒரு கண்ணும் துப்பாக்கியும் இருந்தால்தான் அது தடை. கவனிக்க ஆளில்லாத தடையை எதிரி நிதானமாகப் பிரித்துப் போட்டுவிட்டு வருவான். தடையின் வேலை நேரம் வாங்கித் தருவது. வாங்கிய நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் படைத்தலைவர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கடற்கரைச் சுவருக்கு இந்த விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. சுவர் வந்ததும் அதன் பின்னால் மனை பிரிக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு தீவுகளில் பல இடங்களில் கரைக்காப்புச் சுவர் எழுந்தது. தினசரி அலைக்கும் அரிப்புக்கும் அது தேவை, சாலையைக் காக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அதைப் பார்த்து, இனிச் சுனாமி வந்தாலும் கவலையில்லை என்று ஒருவர் நினைத்துவிட்டால், அந்தச் சுவர் அவருக்குத் தீங்கு செய்துவிட்டது.

போர்ட் பிளேர் பிறந்ததே நீரோடு தோற்ற ஒரு முயற்சியில்தான். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் குடியேற்றம் தொடங்கினார். 1792இல் அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பேற்ற அலெக்சாண்டர் கிட் பெங்கால் இன்ஜினியர்ஸ் அதிகாரி. வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாகவும் இருந்தவர். அளவையில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருந்தும் சதுப்பும் மழையும் காய்ச்சலும் வென்றன. 1796இல் கைவிட்டுப் போனார்கள். 1858 மார்ச்சில் கைதிகளோடு மீண்டும் வந்தபோது, அந்தக் கைதிகளைக் கொண்டு சதுப்பை வெட்டி, கரை போட்டு, உப்புநிலத்தை மேடாக்கினார்கள். அன்று மண் கொட்டி மீட்ட இந்த ஊரின் பள்ளங்களுக்கு இன்றும் தங்கள் பழைய குணம் நினைவிருக்கிறது.

சிப்பிகாட்டில் இப்போது பறவை பார்க்க வருகிறார்கள். நெல்வயல் போன இடத்தில் அந்தமான் நீர்வாத்துகள் மேய்கின்றன. நீர்ப்பறவைகள் கூட்டமாக இறங்குகின்றன. சாலையை மட்டும் உயர்த்திப் போட்டுவிட்டு, மற்றதைத் தண்ணீரிடம் விட்டாயிற்று. நிலம் இழந்த குடியேறிகளுக்கு அது ஆறாத காயம். நாட்டுப் பிரிவினையில் ஒருமுறை ஊர் இழந்து, வங்கத்திலிருந்து வந்து காடு திருத்திய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்கள் துயரத்தை அழகிய பறவைகளைக் காட்டி மறைக்க நான் தயாரில்லை. ஆனாலும் அடுத்த பெரிய ஏற்றத்துக்கு, பெருமழைக்கு, ஊருக்குள் வரவேண்டிய தண்ணீர் போய் நிற்பதற்கு அங்கே இடம் இருக்கிறது. அதைத் திரும்ப மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டலாம் என்று யாராவது கிளம்பினால், ஊர் அதை எதிர்க்க வேண்டும்.

கிரேட் நிக்கோபாரைப் பற்றிய என் கவலை இதைவிடப் பெரியது. 1969 முதல் அங்கே முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். எல்லைச் சாலை அமைப்பின் பொறியாளர்கள் காட்டை ஊடுருவிச் சாலை போட்டார்கள். கடலோரமாகத் தெற்கே ஓடிய சாலையின் பெரும்பகுதியை 2004 அழித்துவிட்டது. அந்தத் தீவில் இன்று 8,000 பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். அங்கே கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம், ராணுவமும் பொதுமக்களும் பயன்படுத்தும் விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் என்று 72,000 கோடி ரூபாய்க்குத் திட்டமிட்டு, 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தாயிற்று. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேறலாம் என்பது கணக்கு. கலாத்தியா விரிகுடாவிலிருந்து பார்த்தால், 4.25 மீட்டர் இறங்கிய இந்திரா முனை பக்கத்து வீடு.

பாதுகாப்புக் காரணங்களை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மலாக்கா நீரிணை வழியே போகும் கப்பல்களைக் கண்காணிக்கும் இடம் நாட்டுக்குத் தேவை. ராணுவம் அங்கே இருக்கும், இருக்கவும் வேண்டும். ராணுவத்தினருக்கு எச்சரிக்கை மணி உண்டு, பயிற்சி உண்டு, கட்டளை வந்தால் நிமிடத்தில் கிளம்புவார்கள். அதே கரையில் மூன்று லட்சம் பொதுமக்களை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தையோடு உட்காரவைப்பது ராணுவத் தேவையல்ல. சீருடையின் பெயரால் அதைச் சேர்த்து விற்பது அந்தச் சீருடைக்கும் நியாயமில்லை. அங்கே கடற்சுவர் எத்தனை மீட்டர் என்று கேட்பதற்குமுன், எந்தக் குறியிலிருந்து, அந்தக் குறி இன்னும் எத்தனை மீட்டர் இறங்கக்கூடும் என்று கேட்டாக வேண்டும்.

மரைன் ஹில்லுக்குத் திரும்புகிறேன். இந்த மாதிரி மேடுகள்தான் போர்ட் பிளேரின் கோட்டைகள். அவற்றுக்கு ஏறும் வழிகளைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. குறுகிய சந்து, ஓரம் முழுக்க இரு சக்கர வாகனம், படிக்கட்டில் விளக்கில்லை. படகுத்துறையில் இறங்கும் சுற்றுலாப் பயணிக்கு எந்தப் பக்கம் ஓடினால் மேடு என்று தெரியாது. தீவு மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 சதவீதம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளமும் இந்தியும் தெலுங்கும் பேசுவோரும் அவர்களோடு வாழ்கிறார்கள். ஒரு பலகையில் நான்கு மொழியில் ஓர் அம்புக்குறி போதும். 2004இல் தண்ணீர் எட்டிய உயரத்தை ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலும் கல்லில் செதுக்கி வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு, கடற்சுவரின் சில மீட்டருக்கு ஆகும் செலவுதான். இந்த வேலைக்கு ராணுவப் பொறியாளர்களைவிடத் தகுந்தவர் இல்லை. ஒரு குன்றில் எத்தனை நிமிடத்தில் எத்தனை பேர் ஏற முடியும் என்று அளக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2 மணியைத் தாண்டியதும் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது. போர்ட் பிளேரில் பள்ளத்தில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். அந்த முறை பாறைத்தட்டுகள் பக்கவாட்டில்தான் உரசின. பெரிய அலை எழவில்லை. எச்சரிக்கையை விலக்கியபோது மாலையாகியிருந்தது. மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்குக் கடல் வழக்கமான இடத்திலேயே கிடந்தது. வழக்கமான இடம் என்றால், 2004க்குப் பிந்தைய இடம்.